‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’: நேர்காணலின் முதல் இரண்டு நிமிடங்கள்

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு தொடங்கி, வளாக நேர்காணலுக்கு நிறுவனங்கள் வரத் தொடங்கியதும், விடுதி வராந்தாக்களில் பலர் ஒரே பாடத்தை உரக்கச் சொல்லிப் பார்ப்பது கேட்கும். அது எந்தத் தேர்வுத் தாளுக்கும் உரிய பாடம் அல்ல; ‘செல்ஃப் இன்ட்ரோ’ என்று மாணவர்கள் அழைக்கும் தன்னறிமுகம். பெயர், ஊர், அப்பாவின் தொழில், அம்மா இல்லத்தரசி, உடன்பிறந்தோர் எத்தனை பேர், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் எத்தனை விழுக்காடு, பொழுதுபோக்கு கிரிக்கெட் பார்ப்பதும் பாட்டுக் கேட்பதும், பலம் கடின உழைப்பு, பலவீனம் எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது என்று வரிசையாகப் போய், வாய்ப்பளித்தமைக்கு நன்றி கூறி முடியும் அந்த ஆங்கில உரையைச் சீனியர் ஒருவர் ஜூனியருக்குக் கொடுக்க, அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, ஊரும் பெயரும் மட்டும் மாறி அது ஆண்டுதோறும் கைமாறி வருகிறது.

மேசைக்கு எதிர்ப்புறம் இருப்பவர் காலை ஒன்பதரை மணிக்கு உட்கார்ந்திருப்பார். மதியம் மூன்று மணிக்கு, இரவல் ஷூவின் இறுக்கத்தோடும் நெஞ்சோடு அணைத்த கோப்போடும் உள்ளே நுழையும் மாணவர் அவருக்கு அன்றைய இருபதாவது ஆளாக இருப்பார். அந்த மேசையின் இரு பக்கமும் நான் உட்கார்ந்ததுண்டு. மாலையில் மதிப்பெண் பட்டியலை நிரப்பும்போது பாதிப் பேரின் முகம்கூட நினைவுக்கு வராமல் குறிப்புகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் திறமையற்றவர்கள் என்பது காரணமல்ல. இருபது பேரும் ஒரே ஆளாக உள்ளே வந்தார்கள் என்பதே காரணம்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கங்கள் இரண்டு: ஆங்கிலம் போதவில்லை, தன்னம்பிக்கை போதவில்லை. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால், அடிப்படைக் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ‘நீங்கள் யார்?’ என்று கேட்பவருக்கு எந்த விடை தேவை என்பதில், நம் வீட்டு வழக்கமும் அலுவலக வழக்கமும் ஒத்துப்போவதில்லை. மாணவர் முன்னதற்கு உரிய விடையைப் பின்னதற்குச் சொல்லிவிடுகிறார்.

நம் ஊர்களில் ஒருவரை முதன்முதலாகப் பார்க்கும்போது ‘தம்பிக்கு எந்த ஊரு?’ என்றுதான் பேச்சு தொடங்கும். ஊரைச் சொன்னதும் ‘அங்க யார் வீடு?’ என்று அடுத்த கேள்வி வரும். கல்யாணப் பந்தியிலும் ரயில் பெட்டியிலும் இந்த உரையாடலைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. அதை வெறும் வம்பு என்று தள்ளிவிடவும் முடியாது. இருவருக்கும் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் வழியாக எதிரில் இருப்பவரை எடைபோடும் முறை அது; மூன்று நான்கு கேள்விகளுக்குள் ‘அப்படியா, அவர் எங்க சித்தப்பாவுக்கு மச்சான் முறை’ என்று முடிந்துவிடும் அளவுக்குத் திறன்வாய்ந்த முறையும்கூட. பெங்களூரிலிருந்தோ புணேயிலிருந்தோ வந்த தேர்வாளரிடம் இது வேலை செய்யாது. அப்பா விவசாயம் செய்கிறார் என்பதைக் கேட்டு அவர் மரியாதையாகத் தலையாட்டலாம். அதிலிருந்து அந்தப் பணிக்குத் தொடர்பான அடுத்த கேள்வி எதையும் அவரால் உருவாக்க முடியாது.

ஆனால், தமிழில் தன்னறிமுக மரபு எப்போதும் ஊரோடும் உறவோடும் நின்றுவிடவில்லை. சங்கப் புலவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேர்ந்திருக்கும் வடிவத்தைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்: இருப்பது மதுரையில், தொழில் தானிய வணிகம், சொந்த ஊர் சீத்தலை, பெயர் சாத்தன். உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்பதில் ஊர், தொழில், பெயர் என மூன்றும் உண்டு. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனாரும் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனாரும் அப்படித்தான். அறுவை என்றால் துணி. கணியன் பூங்குன்றனார் என்பதில் தொழிலும் ஊரும் சேர்ந்தே பெயராக நிற்கின்றன. லிங்க்ட்இன் பக்கங்களில் இன்று நம்மவர்கள் எழுதிக்கொள்ளும் தலைப்பு வரிகளில் பெரும்பாலானவற்றைவிட இவை தெளிவானவை. ஊரும் இருக்கிறது, செய்யும் வேலையும் இருக்கிறது. நம் செல்ஃப் இன்ட்ரோவில் முதலாவது இருக்க, இரண்டாவது மட்டும் எங்கோ தொலைந்துவிட்டது.

முதல் அறிமுகத்துக்கு ஏன் இவ்வளவு கனம் என்பதை உளவியலாளர்கள் வெகுநாளாகவே ஆராய்ந்து வருகிறார்கள். வார்சாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சாலமன் ஆஷ் 1946-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. ஒருவரைப் பற்றிய ஆறு சொற்களை அவர் ஒரு குழுவினருக்கு வாசித்துக் காட்டினார்: அறிவாளி, உழைப்பாளி, உணர்ச்சிவேகம் உடையவர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இன்னொரு குழுவினருக்கு அதே ஆறு சொற்கள் கடைசியிலிருந்து முதலுக்கு வாசிக்கப்பட்டன. சொற்கள் ஒன்றுதான், வரிசைதான் வேறு. ஆனாலும் முதல் குழுவினருக்கு அந்த மனிதர் சில குறைகள் உள்ள திறமைசாலியாகத் தோன்றினார். இரண்டாம் குழுவினருக்கோ அவருடைய திறமையே குறைகளால் கெட்டுப்போனதாகத் தோன்றியது. முதலில் வரும் சொல் பின்னால் வரும் சொல்லின் பொருளையே மாற்றிவிடுகிறது என்பது ஆஷ் தந்த விளக்கம். அறிவாளியின் பிடிவாதம் கொள்கை உறுதியாகப் படும். பொறாமைக்காரரின் பிடிவாதம் வெறும் முரண்டாகப் படும். ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்ற பழமொழியை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தது போன்றது இது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜானின் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் குறுகிய நேரத்தைப் பற்றியது. முன்பின் தெரியாதவரின் முகத்தை 100 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், பார்த்தவர்களே அவருடைய நம்பகத்தன்மை, திறமை முதலியவை பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். நேர வரம்பின்றிப் பார்த்தவர்களின் முடிவோடு அது பெரிதும் ஒத்துப்போனது. கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவில் பெரிய மாற்றம் வரவில்லை. தம் முடிவின் மீது அவர்களுக்கு இருந்த உறுதிதான் கூடியது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு: அந்த முடிவுகள் சரியா தவறா என்பதை அது அளக்கவே இல்லை. விரைவாகப் பார்த்தவரும் நிதானமாகப் பார்த்தவரும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்பதை மட்டுமே அது காட்டியது. இருவருமே ஒரே மாதிரி ஏமாந்திருக்கவும் கூடும்.

இந்தியாவில் பிறந்த உளவியலாளர் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசன்தாலும் 1993-இல் செய்த ஆய்வு இதற்குச் சற்றே மறுபக்கம். கல்லூரி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் காணொளியிலிருந்து, ஒலியை நீக்கிவிட்டு, பத்துப் பத்து விநாடிகளாக மூன்று துணுக்குகளை எடுத்து, அந்த ஆசிரியர்களை அறியாதவர்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். ஒரு பருவம் முழுவதும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்கள் கடைசியில் ஆசிரியர்களுக்குத் தந்த மதிப்பீட்டோடு இந்த அரை நிமிட மதிப்பீடு கணிசமாகப் பொருந்தியது. ஆக, முதல் பார்வை எப்போதும் பொய்யும் அல்ல, எப்போதும் மெய்யும் அல்ல. எப்படியிருந்தாலும் அது விரைவாக உருவாகி, அவ்வளவு எளிதில் கலையாமல் நிற்கிறது.

இங்கே ஒரு தவறான எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்லூரிகளில் ‘சாஃப்ட் ஸ்கில்ஸ்’ பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில், தகவல்தொடர்பில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38 விழுக்காடு, உடல்மொழியின் பங்கு 55 விழுக்காடு என்று ஒரு படம் திரையில் வராமல் இருப்பது அரிது. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் சகாக்களுடன் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து பிறந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் பேசிப் பதிவு செய்து, சிலவற்றை முகபாவப் படங்களோடு சேர்த்துக் காட்டி, பேசுபவருக்குக் கேட்பவர் மீது விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்ன சோதனைகள் அவை. சொல்லும் முகமும் முரண்படும்போது கேட்பவர் முகத்தைத்தான் நம்புகிறார் என்பதே அவற்றின் சாரம். உணர்ச்சியையும் மனப்பான்மையையும் பற்றிய பேச்சுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும் என்று மெஹ்ராபியனே எழுதியிருக்கிறார். ஒரு பொறியாளர் தான் செய்த வேலையை விளக்கும்போது சொற்களுக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு என்றால், வானொலியில் செய்தி கேட்டு யாருக்கும் எதுவும் புரிந்திருக்கக் கூடாது. இந்த எண்ணை நம்பி, என்ன சொல்வது என்பதை விட்டுவிட்டு எப்படிக் கைகுலுக்குவது, டை எவ்வளவு நீளம் என்பதிலேயே பயிற்சி நேரம் முழுவதும் கரைந்துபோவதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

நேர்காணல் செய்பவர் முதல் ஏழு விநாடியில் முடிவெடுத்துவிடுகிறார் என்ற இன்னொரு பேச்சுக்கும் இதே கதிதான். கல்லூரி மாணவர்களுடன் நடந்த 600-க்கும் மேற்பட்ட நேர்காணல்களை வைத்து 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதல் நிமிடத்திலேயே முடிவுக்கு வந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர்தான். முதல் ஐந்து நிமிடத்துக்குள் முடிவெடுத்தவர்களைச் சேர்த்தால் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கால் மணி நேரத்துக்குள் என்றால் ஏறத்தாழ 60 விழுக்காடு. அதாவது, பெரும்பாலானோருக்கு முதல் இரண்டு நிமிடம் தீர்ப்பு அல்ல. மீதி நேரம் எதைப் பற்றிப் பேசப்படும் என்பதைத்தான் அந்த இரண்டு நிமிடம் முடிவு செய்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டுவிட்டுத் தேர்வாளர் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் குனிந்து, மாணவரின் ரெஸ்யூமை அப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறார். அவருக்கு முந்திய மாணவருக்கான குறிப்பை எழுதி முடிக்கவும் அந்த நேரம் உதவும். மாணவரின் படபடப்பு அடங்கட்டும் என்பது இன்னொரு காரணம். மொழி எப்படியிருக்கிறது என்று காதில் போட்டுக்கொள்வதும் நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்து எதைக் கேட்பது என்று அவர் தேடிக்கொண்டிருக்கிறார். எதிரில் இருப்பவர் சொன்னவற்றில் எது கடைசியாகவும் திருத்தமாகவும் காதில் விழுந்ததோ அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பது மனித இயல்பு. ‘பாட்டுக் கேட்பது என் பொழுதுபோக்கு’ என்று முடித்தால் ‘எந்த மாதிரிப் பாட்டு?’ என்று கேள்வி வரும். பதினைந்து நிமிட நேர்காணலில் மூன்று நிமிடம் அதில் போய்விடும். அதனால் அந்த மாணவருக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூடப் போவதில்லை.

குமாரபாளையத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் மாதிரி நேர்காணல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மின்னணுவியல் படித்தவர். மனப்பாட உரையை ஒன்றேகால் நிமிடத்தில் பிழையில்லாமல் ஒப்பித்தார். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா இல்லத்தரசி, ஒரு தம்பி, மதிப்பெண் இவ்வளவு, கோலம் போடப் பிடிக்கும். எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. ரெஸ்யூமின் இரண்டாம் பக்கத்தில், செயல்திட்டம் என்ற தலைப்பின் கீழ், ‘தானியங்கி இழை அறுபடல் கண்டறியும் அமைப்பு’ என்று யாரோ எழுதிக் கொடுத்ததுபோல் ஒரு வரி இருந்தது. அது என்னம்மா என்று கேட்டேன். ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறினார். தமிழிலேயே சொல்லச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னதன் சாரம் இது. அவர்கள் ஊரில் ஒருவரே நான்கு தறிகளைப் பார்த்துக்கொள்வார். ஊடை, அதாவது குறுக்கு இழை, அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். பழைய தறிகளில் பாவு இழை, அதாவது நெடுக்கு இழை, அறுந்தால் நிற்காது. நான்காவது தறியில் நிற்பவர் முதல் தறிக்குத் திரும்பி வருவதற்குள் அறுந்த இழையோடு ஒரு முழம் துணி ஓடியிருக்கும். அது பிசிறாகத் தெரியும், கூலியில் பிடித்துவிடுவார்கள். அப்பாவுக்கு அப்படிக் கூலி பிடித்ததைச் சிறுவயதிலிருந்து பார்த்து வந்ததால், இழை தொய்ந்து விழுந்ததை ஒளி உணரியால் அறிந்து மோட்டாரை நிறுத்தும் ஒரு சிறு கருவியைச் செய்து பழைய தறி இரண்டில் மாட்டி மூன்று வாரம் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு தறிக்கு 1,400 ரூபாய் ஆயிற்று. பஞ்சுத் தூசி படிந்தால் இழை அறுந்ததாகத் தவறாக நினைத்துத் தறியை நிறுத்திவிடுகிறது. அது மட்டும் இன்னும் சரியாகவில்லை.

இவ்வளவும் அவரிடம் இருந்திருக்கிறது. ஆனால், ‘அப்பா விசைத்தறி ஓட்டுகிறார்’ என்பதைக் குடும்ப விவரமாகவும், கருவியைக் கல்லூரிக் கடமையாகவும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார். அடுத்த முறை அவர் எழுதிக்கொண்டு வந்த அறிமுகத்தில் ஐந்து வாக்கியங்கள்தான் இருந்தன. பெயரும் பாடமும் ஒரு வாக்கியம். ஊர் விசைத்தறி ஊர் என்பதும் அங்கே பாவு இழை அறுந்தால் என்ன நடக்கும் என்பதும் இரண்டு வாக்கியங்கள். என்ன செய்தார், எத்தனை தறியில், எத்தனை நாள், எவ்வளவு செலவில் என்பது நான்காவது. தூசிச் சிக்கலை இப்போது எந்த வழியில் தீர்க்கப் பார்க்கிறார் என்பது ஐந்தாவது. தம்பியும் கோலமும் போய்விட்டன. அப்பா மட்டும் போகவில்லை. விவரப் பட்டியலிலிருந்து எழுந்து வந்து, அந்த வேலைக்கான காரணமாக நின்றார்.

கடைசி வாக்கியத்தைப் பற்றி ஒரு சொல். குறையோடு அறிமுகத்தை முடிப்பதா என்று அவருடைய தோழிகள் தயங்கினார்கள். முடிந்துபோன வெற்றியைச் சொன்னால் கேட்பவர் ‘நல்லது’ என்று நகர்ந்துவிடுவார். முடியாமல் நிற்கும் சிக்கலைச் சொன்னால், அதுவும் பொறியாளராக இருப்பவரிடம் சொன்னால், அவரால் சும்மா இருக்க முடியாது. ‘ஒளி உணரிக்குப் பதில் வேறு எதையாவது முயன்றீர்களா?’ என்று கேட்டே தீர்வார். அங்கிருந்து தொடங்கும் பேச்சு மாணவி நன்றாக அறிந்த நிலத்தில் நடக்கும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: அந்தச் சிக்கலைப் பற்றி அவர் உண்மையிலேயே யோசித்திருக்க வேண்டும். இரவல் வாங்கிய செயல்திட்டத்தை இப்படிச் சொன்னால் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

முழு உரையை மனப்பாடம் செய்வதில் இருக்கும் ஆபத்தை எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் செய்வார்கள், காரணம் பயம். வீட்டில் முதல் பட்டதாரியாக, தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு, ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் தானாகப் பேசுவதைவிட ஒப்பிப்பது பாதுகாப்பாகத் தோன்றுவது இயற்கையே. அதைக் கேலி செய்வதில் பயனில்லை. ஒப்பிக்கும்போது வேகம் கூடுகிறது, கண் மேல்நோக்கிப் போகிறது, நடுவில் ஒரு கேள்வி குறுக்கிட்டால் விட்ட இடம் மறந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் சொல்லுக்குச் சொல் உறுதி செய்துகொண்டு, நடுவே எண்களையும் பெயர்களையும் நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சற்றே வேறு சொற்களில் சொல்லிப் பழகினால் போதும். தமிழில் சரளமாகச் சொல்ல வந்த பிறகு ஆங்கிலத்துக்குப் போவது பலருக்கும் எளிதாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தமிழிலேயே சொல்லத் தெரியாத ஒன்றை ஆங்கிலம் காப்பாற்றிவிடாது.

‘மைசெல்ஃப் சுரேஷ்’ என்று தொடங்குவது பற்றியும் கேட்பார்கள். ஆங்கில இலக்கணப்படி அது பிழை. ‘ஐ ஆம் சுரேஷ்’ என்பதே சரி. ‘நான் சுரேஷ்’ என்று வினைச்சொல்லே இல்லாமல் முழு வாக்கியம் அமைத்துப் பழகிய நாக்கு, ஆங்கிலத்திலும் அப்படியொரு வடிவத்தைத் தேடிப் பிடித்திருக்கலாம். தமிழ்நாட்டில் மட்டுமல்ல, இந்தியா முழுவதும் இது கேட்கும். ஒரு நாளில் திருத்திக்கொள்ளக் கூடிய பிழைதான். திருத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் ஆஷ் காட்டியதுபோல் முதல் சொல் பின்னால் வருவதற்கெல்லாம் சாயம் ஏற்றிவிடும்.

உடையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தோய்த்துத் தேய்த்த சட்டையும் கடிக்காத காலணியும் போதும். விளிப்பு அதைவிடச் சிக்கலானது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் மேலதிகாரியையும் பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். பள்ளியிலிருந்து ‘சார்’, ‘மிஸ்’ என்றே பழகிய மாணவருக்கு அது வாயில் வராது. வராததை வலிந்து வரவழைக்க வேண்டாம். அவர்களாகப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்லும்வரை ‘சார்’, ‘மேடம்’ என்பதே தகும். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ‘சார்’ போடும் பழக்கத்தை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். கைபேசியிலிருந்து காணொளி நேர்காணலுக்குள் நுழைபவர்கள், வாய் திறப்பதற்கு முன்பே தங்கள் பெயர் திரையில் தெரிகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெயருக்குப் பதிலாகக் கைபேசியின் மாடல் எண்ணும், அக்காவின் கணக்கில் நுழைந்ததால் அக்காவின் பெயரும் தோன்றுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

குடும்ப விவரத்தைத் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நேர்காணல் உத்தியைவிடப் பெரியது. ‘எந்த ஊரு?’ என்று தொடங்கும் பேச்சு ‘ஊர்ல எந்தத் தெரு?’ என்று நீளும்போது, அது எதைத் தேடிப் போகிறது என்பது தமிழர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் பெயருக்குப் பின்னால் சாதிப் பெயர் இல்லாமல், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொள்வது தற்செயலாக வந்ததல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த தலைமுறைகள் அதைப் பெருமளவு நடைமுறையாக்கின. அப்படி முயன்று நீக்கிய ஒன்றை, கேட்கப்படாமலேயே ஊர், தெரு, அப்பாவின் தொழில் என்று துப்புகளாகத் திரும்பக் கொடுக்க வேண்டிய அவசியம் எந்த மாணவருக்கும் இல்லை.

நிறுவனங்களின் பக்கமும் பொறுப்பு இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல், மனம்போன போக்கில் பேசும் நேர்காணலைவிடப் பணித்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட்டும் சகாக்களும் வெளியிட்ட மறுகணக்கில், முன்னதன் கணிப்புத் திறன் 0.42, பின்னதற்கு 0.19 என்று வந்தது (1 என்றால் பிழையே இல்லாத கணிப்பு, 0 என்றால் கணிப்பே இல்லை). முதல் தோற்றத்தில் மயங்கி ஆளை எடுக்கும் நிறுவனம் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்கிறது. குமாரபாளையத்து மாணவிக்கும் ஒரு நிறுவனத்தில் நேர்காணல் மிக நன்றாக நடந்தது. நிரல் எழுதும் தேர்வில் மதிப்பெண் குறைந்ததால் வேலை கிடைக்கவில்லை. வேறொரு நிறுவனம், ஆடம்பரமில்லாத ஒரு கருவித் தயாரிப்பு நிறுவனம், பிறகு எடுத்துக்கொண்டது.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் வந்திருக்க வேண்டிய பெயர். ஒற்றைப் பெயரும் முதலெழுத்தும் என்ற நம் வழக்கத்துக்குள் ‘சர்நேம்’ என்ற கட்டம் நுழையும்போது குழப்பம் தொடங்குகிறது. கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு., அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்று அச்சாகிவிடுகிறது. கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று தந்தை பெயரை எழுதியவர்களுக்கு வேறு வகைத் தொல்லை. எனவே, அறிமுகத்தின் முதல் வாக்கியத்தில் பெயரை நிறுத்தி, அசை அசையாகச் சொல்லி, ‘என்னை இப்படி அழையுங்கள்’ என்று சேர்த்துக்கொள்வது, குறிப்பாக வெளிநாட்டவரிடம், இன்றியமையாதது. பெயர் நீளமென்றால் அழைப்புப் பெயரை நீங்களே தீர்மானித்துக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் தீர்மானிப்பார்கள்.

என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியில் அவருடைய தந்தை பெயரான முருகேசன் முன்னால் வந்துவிட்டது. முதல் கூட்டத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ‘வெல்கம், முருகேசன்’ என்றார். எடுத்த எடுப்பிலேயே திருத்துவானேன் என்று நண்பர் புன்னகைத்துத் தலையாட்டிவிட்டார். ஒரு வாரம் கழித்துச் சொல்லியிருக்கலாம்; ஒரு மாதம் கழித்துச் சொல்வது கூச்சமாக இருந்தது; ஓராண்டுக்குப் பிறகு சொல்லவே முடியாது என்றாகிவிட்டது. ஊரடங்கு காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், காணொளிக் கூட்டத்தின் நடுவே அந்த வாடிக்கையாளர் ஏதோ சந்தேகம் கேட்க ‘முருகேசன்!’ என்று உரக்க அழைத்தார். பின்னால் காபித் தம்ளரோடு கடந்துபோய்க்கொண்டிருந்த பெரியவர் நின்று, திரையை நோக்கிக் குனிந்து, ‘சொல்லுங்க சார்’ என்றார்.